கடைசிப் பெட்டிக்குப் புள்ளி கிடையாது

அடையாள அட்டையில் உள்ள என் பெயரை ஆய்வாளர் அம்மா தனியே குறித்துக்கொண்டார். தெருவில் என்னைத் தையலக்கா என்பார்கள், அப்படியே எழுதலாம். வயது ஐம்பத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. துணி தைப்பதும், தைத்த துணியைப் பிரித்து அளவு மாற்றிக் கொடுப்பதும் தொழில். துணி தேய்ப்பவர் கடைக்கு மேலே முதல் மாடியில், முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, சமையல் மேடை முன்னறையிலேயே, பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. என் வாயைப் பற்றித் தெருவில் புகார் உண்டு, ஆனால் அது காவல் நிலையம் வரை வந்ததில்லை.

உள்ளறையில் படுத்திருந்தவன் என் உடன்பிறந்த தம்பி, வயது நாற்பத்தாறு. ஏணி இல்லாமலே கூரையைத் தொடும் உயரம் என்பதால் சின்ன வயதிலிருந்தே ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை. சுவருக்கு வண்ணம் அடிப்பவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இடுப்புக்கு மேலே, முதுகில், இரண்டு பேருக்குப் போதுமான உணர்ச்சி உண்டு. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை எட்டு மணிக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் சாய்ந்து உட்காருவான், ஊர் வம்பெல்லாம் பேசுவான். மாத்திரை வாங்குவதும் கொடுப்பதும் என் பொறுப்பு, வேறு யாரும் இல்லை. என் தையல் மிஷின் அவன் சம்பாத்தியத்தில் வாங்கியது. யாரும் கேட்காமல் இதை நானே சொல்கிறேன். பிறகு மறைத்தேன் என்று பேச்சு வர வேண்டாம்.

எதிரே ஆயத்த உடைக் கடை வந்த பிறகு தையல் வேலை குறைந்தது. போன ஆண்டு, கால்சட்டையின் நீளம் மடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியை, என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். கேட்கும் கேள்விக்குப் பதில் தட்டினால் புள்ளி, விளம்பரப் பொருளை வாங்கிப் பார்த்துக் கருத்துச் சொன்னால் கூடுதல் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பரிசு என்றாள். முதல் கேள்வித்தாள் சோப்பைப் பற்றியது. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கார் உண்டா, இல்லை. ஆறு மாதத்துக்குள் விமானத்தில் போனீர்களா, இல்லை. குழந்தைகள், இல்லை. மூன்றாவது இல்லைக்குத் திரை மாறி, "மன்னிக்கவும், இந்தக் கருத்துக்கணிப்புக்கு நீங்கள் தகுதி பெறவில்லை" என்று வந்தது. சோப்புப் போட்டுக் குளிக்கிறவள் விமானத்தில் ஏன் போயிருக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை, வங்கியில் ஒரு முறை, என்னைக் கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்களிடம் மூன்று முறை இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மன்னிக்கவும் என்று கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உள்ளபடி சொல்வதை நிறுத்தினேன். ஒரே காலையில் இரண்டு கார் வைத்திருக்கும் பல் மருத்துவராகவும், இரட்டைக் குழந்தை பெற்றவளாகவும், நாய் வளர்க்கும் ஓய்வுபெற்ற விமானியாகவும் இருந்தேன். உள்ளறையிலிருந்து ஒட்டடை, "நாய்க்கு என்ன பேருக்கா வச்ச?" என்று கேட்டான். "உன் பேருதான்டா, அதுவும் படுத்தே கெடக்குது" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்பும் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், வீட்டில் நீண்ட நாள் வலியோடு இருப்பவர் யாராவது உண்டா என்று கேள்வி வந்தது. பல நாட்களுக்குப் பிறகு உண்மையைச் சொல்லி, ஆம் என்று தட்டினேன். மாத்திரையின் பெயர் கேட்டது, அதையும் சொன்னேன். "வாழ்த்துகள், நீங்கள் தகுதி பெற்றுள்ளீர்கள்" என்று எழுத்து வந்து, திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது. மிஷினை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு ஒரு சம்மதப் பக்கம் வந்தது, விரலால் தள்ளத் தள்ளத் தீரவில்லை. அடியில் "படித்தேன், சம்மதிக்கிறேன்" என்று ஒரு கட்டம். தட்டினேன். படிக்கவில்லை.

வேலை இப்படி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை பதினொரு மணிக்கு நோயாளி கேமராவில் முகத்தைக் காட்டி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று சொல்ல வேண்டும். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாக ஆறு முகங்கள் இருக்கும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாரா என்ற கேள்விக்கு ஆம் என்று நான் தட்டுவேன். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று காலியாக ஒரு பெட்டி வரும். அதற்குப் புள்ளி கிடையாது. அந்த இடம் வந்ததும் கைப்பேசியை ஒட்டடையிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அவன் கட்டைவிரலால் ஏதோ தட்டிவிட்டு அனுப்புவான். "அப்படி என்னடா தட்டுற?" என்று ஒரு முறை கேட்டேன். "கதை எழுதறேன், நீதான் கதாநாயகி" என்றான். போடா என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் அவன் சொன்ன எண் இரண்டு. மாத்திரை போட்டிருந்தான், நன்றாக இருந்தான், மூன்றாவது முகம் வீட்டுச் சொந்தக்காரர் மாதிரியே இருக்கிறது என்று கேலி பேசினான். இரண்டு என்றதும் நன்றி என்று சொல்லித் திரை மூடிக்கொண்டது. பத்துப் புள்ளி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஏழும் அதற்கு மேலும் சொல்கிறவர்களுக்குத்தான் கடும்வலிப் பிரிவு திறக்கும், அங்கே ஒரு முறைக்கு இருநூறு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, எட்டு என்று சொல்லச் சொல்லி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொன்னான். ஒட்டடைக்கு நடிக்கத் தெரியாது. எட்டு என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று மாலையே, பதில்கள் முரண்படுகின்றன, உங்கள் உறுப்பினர் தகுதி ஏழு நாட்களுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது என்று வந்தது.

அந்த ஏழு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு சட்டையின் கையை மாற்றித் தைத்துவிட்டேன். அப்போதுதான் யோசித்தேன். பொய் சொல்லுகிறவள்தான் மாட்டிக்கொள்வாள். நிஜமாகவே வலித்தால் யார் என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி மாத்திரையைக் கொடுக்காமல், கடையில் இல்லையாம் என்று சொன்னேன். சரி பரவாயில்லை என்றான். பதினொரு மணிக்கு ஆறு என்றான். ஆறுக்குக் கதவு திறக்காது. கேள்வியில், கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் என்று போட்டிருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை கேள்விக்கு வியாழன் காலை மாத்திரையிலிருந்தே நிறுத்தினேன். ஏழு என்றான். திறந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அப்படியே செய்தேன். பதினொன்றேகாலுக்கெல்லாம், மருந்துக் கடைக்குப் போய்வந்த மாதிரி படி இறங்கி ஏறி, கிடைத்துவிட்டது என்று மாத்திரையைக் கொடுத்துவிடுவேன். பதினொன்றேகாலைத் தாண்டி அவனை ஒரு நாளும் காக்க வைத்ததில்லை. உன் பதிலை வைத்துத்தான் புது மருந்து கண்டுபிடிக்கிறார்கள் என்றும் அவனிடம் சொல்லியிருந்தேன். அதனால் அவன் ஒரு எண்ணைக் கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. கண்ணை மூடி, முதுகைக் கேட்டுவிட்டுச் சொல்வதுபோல் சொல்வான். மிச்சமான மாத்திரைகளை நூல் சுற்றும் பாபின் போடும் தகர டப்பாவில் வைத்து மிஷின் இழுப்பறைக்குள் வைத்தேன். அவற்றை யாருக்கும் விற்கவில்லை. அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

பரிசாக வந்தவை எண்ணெய் ஒட்டாத வாணலி ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, சக்கரம் வைத்த பயணப் பை ஒன்று. எங்கே போவதற்குப் பயணப் பை என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். எங்கேயும் போவதற்கில்லை. வந்தது, வைத்துக்கொண்டேன். தம்பிக்கு ஏதாவது வாங்கினாயா என்றும் கேட்டார். கழுத்துத் தலையணை ஒன்று அவனுக்கென்றே எடுத்தேன். அதில் நிறம் தேர்வு செய்ய விடவில்லை.

சென்ற மாதம் கைப்பேசியில் ஓர் அழைப்பு வந்தது. ஏழு நாள் தொடர்ந்து, தினமும் பதினொரு மணிக்கு முகம் காட்ட வேண்டும். ஏழாம் நாள், கடந்த ஏழு நாட்களில் உங்கள் சராசரி வலி என்று கேட்பார்கள். எல்லா நாளும் ஏழுக்கு மேல் இருந்தால் தங்க உறுப்பினர் தகுதி. என் வயதுக்கு என்னை யாரும் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் சொல்லி ஆய்வாளர் அம்மாவின் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

முதல் நாளுக்கு முந்தின காலையிலிருந்து மாத்திரையே கொடுக்கவில்லை. முதல் நாள் எட்டு. இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாள் கழுத்துத் தலையணையின் ஓரத்தைக் கடித்துப் பிரித்துவிட்டான், பஞ்சு வாயில் இருந்தது, எடுத்துவிட்டேன். பிறகு அதைத் தைத்தும் கொடுத்தேன். அன்று அழும் முகத்தைக் காட்டி, "இவனுக்கு என்னைவிடப் பரவால்லக்கா, அழவாவது முடியுது" என்றான். நான்காம் நாள் பேசவில்லை, விரலால் காட்டினான். ஐந்தாம் நாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னொரு கடை மட்டும் பாரேன், ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டான். அவன் என்னிடம் எதையும் இரண்டு முறை கேட்கிற ஆள் இல்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவனுக்குக் கேட்கும்படி படியில் சத்தமாக இறங்கி, துணி தேய்ப்பவர் கடை ஓரமாக நின்றேன். "என்னக்கா, யாருக்குக் காத்திருக்கீங்க?" என்று அவர் கேட்டார். "சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றேன். ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து மேலே போய், "இல்லடா" என்றேன். "நீ ஏன் அலையற, முழங்கால் வேற வலிக்குதுன்ன" என்றான். அந்த வாரம் ஏழு நாளும் நான் கீழே வந்து நின்றேன் என்று துணி தேய்ப்பவர் சொல்லியிருப்பது சரி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏழு நாளும் ஒட்டடையின் முகத்தைத் துடைத்தேன், காலைப் பிடித்துவிட்டேன். காலில் உணர்ச்சி இல்லை என்பது எனக்குத் தெரியும். கை வைக்க வேறு இடம் இல்லை, முதுகைத் தொட்டால் கத்தினான்.

ஏழாம் நாள் பதினொரு மணிக்கு, சராசரி ஒன்பது என்று தட்டினேன். வண்ணக் காகிதம் கொட்டி, "வாழ்த்துகள், தங்க உறுப்பினரே" என்று வந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வேர்வையில் தலையணை நனைந்திருந்தது. "விருந்து எங்கக்கா?" என்றான். அதற்குப் பிறகு மாத்திரை கொடுத்தேன். முழுங்கிவிட்டு என் கையைப் பிடித்தவன் தூங்கும் வரை விடவில்லை. எனக்கு அப்போது அழுகை வந்தது உண்மை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தக் கேள்வித்தாளை நடத்துவதே ஒட்டடையின் மாத்திரையைத் தயாரிக்கும் மருந்துக் கம்பெனிதான் என்றும், மருந்து கிடைக்கவில்லை என்று நோயாளி யாராவது தொடர்ந்து ஏழு நாள் எழுதினால் உடனே விசாரித்தாக வேண்டும் என்றும், இதெல்லாம் நான் சம்மதித்த பக்கத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னாள். மாத்திரை தவறாமல் சாப்பிடுவதாக ஓர் இடத்தில் இருக்கிறது, கிடைக்கவே இல்லை என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது, பதில்கள் முரண்படுகின்றனவே என்றாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது. ஆனாலும் நான் சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். "ஆமாம்மா, எந்தக் கடையிலயும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் தோல் பையோடு படியேறி வந்தார். இலவசமாகவே இரண்டு அட்டை மாத்திரை கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர், ஒட்டடை பக்கத்தில் உட்கார்ந்து நலம் விசாரித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "எந்தக் கடையிலம்மா இல்லன்னாங்க? முனையில இருக்கற கடையிலயே முப்பது அட்டை இருக்கு, இப்பதான் பார்த்துட்டு வரேன்" என்றார். இப்போதுதான் வந்திருக்கும் என்றேன். மூன்று மாதமாகத் தட்டுப்பாடே இல்லை என்றார். ஒட்டடை அந்த அட்டையை வாங்கி, காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்தான். பிறகு, நூலின் நிறம் கேட்பதுபோல் சாதாரணமாக, "அக்கா, நீ மிஷின் மிதிக்கறப்ப இழுப்பறைக்குள்ள சத்தம் கேக்குமே, அது இதுதானா?" என்று கேட்டான். "அது பொத்தான்டா" என்றேன். அவன் அட்டையைக் காதிலிருந்து எடுத்து மார்பின் மேல் வைத்தான். பிரதிநிதி எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தார். டப்பாவில் தொண்ணூறு மாத்திரைகள் இருந்ததாகக் கைப்பற்றிய பட்டியலில் உள்ளது, சரிதான். அதற்குப் பிறகு அவர் ஆம்புலன்சுக்கும் இந்த நிலையத்துக்கும் போன் செய்தார். தூக்கிப் போகும்போது ஒட்டடை என் பக்கம் திரும்பவில்லை. படி குறுகல், அவன் உயரம், திரும்ப முடியாமலும் இருந்திருக்கலாம்.

இங்கே வந்த பிறகு, கடைசிப் பெட்டியில் ஒட்டடை எழுதி அனுப்பியவற்றைக் கம்பெனியிலிருந்து வரவழைத்து ஆய்வாளர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். மொத்தம் நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். படித்தவற்றில் மூன்று நினைவில் இருக்கின்றன. ஒன்று, "வலி ஏழு. கடையில மாத்திரை இல்லையாம். அக்கா இந்த முழங்காலோட மூணு கடை ஏறி இறங்கினா." இன்னொன்று, "புது மருந்து கண்டுபிடிச்சா முதல்ல அக்கா முழங்காலுக்கு ஏதாவது பாருங்க. நான் எப்படியும் படுத்துத்தான் இருக்கேன், அவதான் நடக்கணும்." மற்றொன்று அந்த வாரத்தின் ஐந்தாம் நாள் எழுதியது. "வலி ஒன்பது. மிஷின் இழுப்பறையில மாத்திரை இருக்கோன்னு தோணுது. இருந்தா அக்கா குடுத்திருப்பா. அதனால இல்ல." இதைப் படித்த பிறகு நான் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கைப்பேசியைத் திருப்பிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை பதில் அனுப்பாவிட்டால் தங்க உறுப்பினர் தகுதி போய்விடும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே தெரிந்தது. அதை எழுத வேண்டாம் என்றேன். எழுதியாயிற்று என்றார் எழுத்தர்.

ஆய்வாளர் அம்மா கோப்பில் ஒரு தாளைத் திருப்பினார். பிறகு, இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தகவலைச் சொன்னார். இரண்டு நாளாக மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். செவிலியர் வலி எத்தனை என்று கேட்டதற்கு, "ரெண்டு" என்றானாம். சொல்லிவிட்டு, "எங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், ரெண்டுன்னா திரை மூடிக்கும்" என்றானாம். அவன் கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று கேட்டேன். செவிலியருக்குச் சிரிப்பு வரவில்லையாம்.

இறுதியாக, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

இதை என்னை யாரும் அடித்தோ மிரட்டியோ, ஏதாவது தருவதாகச் சொல்லியோ வாங்கவில்லை. எழுத்தர் எழுதிய ஐந்து பக்கங்களையும் என்னிடமே கொடுத்து, படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஆய்வாளர் அம்மா உட்கார வைத்தார். ஒரு வரி விடாமல் படித்தேன். இதில் உள்ளதெல்லாம் நான் செய்தது, நடந்தது, உண்மை.

படித்தேன், சம்மதிக்கிறேன்.

(ஒப்பம்)
தையலக்கா